பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முன்: பூட்லோடர் எந்த டிஸ்க்கில் இருக்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை மதியம் கேபினட்டைத் திறந்து, பழைய ஹார்டு டிஸ்க்கின் கேபிளை உருவிவிட்டுக் கணினியை ஆன் செய்தேன். லினக்ஸ் இருப்பது எஸ்எஸ்டியில், அது அதன் இடத்தில் அப்படியே இருக்கிறது, நான் கழற்றியதோ ஒரு பழைய விண்டோஸும் பத்து வருடப் போட்டோக்களும் கிடக்கிற சுழலும் டிஸ்க், ஆகவே லினக்ஸ் வழக்கம்போல வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. பூட் ஆக எந்த டிஸ்க்கும் இல்லை என்று கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி. கேபிளைத் திரும்பச் செருகினால் எல்லாம் சரியாக வருகிறது.

நான்கு வருடமாக எனக்குத் தெரியாமலே இருந்த விஷயம் அன்றைக்குத்தான் தெரிந்தது. லினக்ஸை எஸ்எஸ்டியில் போட்டபோது இன்ஸ்டாலர் கிரப்பை, அதாவது கணினி ஆன் ஆனதும் இயங்குதளத்தை ஏற்றிவிடும் லினக்ஸின் பூட்லோடரை, எஸ்எஸ்டியில் வைக்கவில்லை. ஏற்கெனவே இஎஃப்ஐ பார்ட்டிஷன், அதாவது பூட்லோடர்களுக்கென்று டிஸ்க்கில் ஒதுக்கிய சின்னப் பகுதி, ஏதாவது இருக்கிறதா என்று தேடியிருக்கிறது, பழைய டிஸ்க்கில் விண்டோஸ் உண்டாக்கிவைத்த 100 எம்பி பார்ட்டிஷன் கண்ணில் பட்டிருக்கிறது, அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது. குடியிருப்பது ஒரு வீட்டில், வாசற்சாவி தொங்குவது பக்கத்து வீட்டு ஆணியில். பக்கத்து வீட்டை இடிக்கிற அன்றுதான் அது தெரியவருகிறது.

இடிக்கத்தான் வேண்டியிருந்தது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில், பழைய டிஸ்க்கின் 197-வது எண், அதாவது படிக்க முடியாமல் தொங்கிக்கொண்டிருக்கும் செக்டர்களின் கணக்கு, ஒரே மாதத்தில் 8-லிருந்து 40-க்குப் போயிருந்தது. மேஜையில் புதிதாக வாங்கிய 1 டிபி என்விஎம்இ டிஸ்க், அதாவது மதர்போர்டிலேயே நேராகச் செருகும் வேகமான எஸ்எஸ்டி. ஆக மூன்று டிஸ்க், இரண்டு இயங்குதளம், ஒரே ஒரு பூட்லோடர், அதுவும் சாகப்போகிற டிஸ்க்கில். இதை மாற்றி அடுக்க ஐந்தாறு வழி இருக்கிறது. ஒவ்வொன்றையும் யாராவது ஒருவர் இதுதான் சரி என்று சொல்வார். எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்தபின் எனக்கு ஒரே ஒரு அளவுகோல்தான் மிஞ்சியது: ஒரு டிஸ்க்கைக் கழற்றினால் அந்த டிஸ்க்கில் இருப்பது மட்டும்தான் போக வேண்டும், வேறு எதுவும் ஓடாமல் போகக் கூடாது. இதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியையும் பார்ப்போம்.

முதலில் ஒரு சோதனை

எந்த வழியில் போனாலும் உங்கள் கணினி பழைய பயாஸ் முறையில் பூட் ஆகிறதா, யூஇஎஃப்ஐ முறையிலா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஃபர்ம்வேரின், அதாவது மதர்போர்டிலேயே இருந்து கணினியைத் தொடக்கிவைக்கும் நிரலின், பழைய வகையும் புது வகையும். லினக்ஸுக்குள் /சிஸ்/ஃபர்ம்வேர் அடைவைத் திறந்து, உள்ளே இஎஃப்ஐ என்று ஒரு அடைவு இருந்தால் யூஇஎஃப்ஐ, இல்லையென்றால் பயாஸ். இது தெரியாமல் இணையத்தில் கிடைத்த கட்டளையை அப்படியே அடிப்பதால்தான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் இரண்டிலும் பூட்லோடர் என்பது வேறு வேறு பொருள்.

பயாஸ் முறையில் பூட்லோடர் ஒரு கோப்பே இல்லை. டிஸ்க்கின் முதல் செக்டர் 512 பைட், அதில் 446 பைட் பூட் நிரலுக்கு, 64 பைட் நான்கு பார்ட்டிஷன்களின் அட்டவணைக்கு, கடைசி 2 பைட் முத்திரைக்கு. 446 பைட்டில் கிரப் முழுக்க அடங்காது, எனவே அதன் அடுத்த துண்டு முதல் செக்டருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவில் இருக்கும் காலி இடத்தில் ஒளிந்திருக்கும், மிச்சமெல்லாம் /பூட்/கிரப் அடைவில். ஒரு பூட்லோடர், மூன்று இடம். முதல் இரண்டு துண்டு ஒரு டிஸ்க்கிலும் மூன்றாவது இன்னொரு டிஸ்க்கிலும் இருப்பது சாதாரணமாக நடக்கிற விஷயம், இரண்டு டிஸ்க்கும் இருக்கிறவரை யாருக்கும் தெரியவே தெரியாது. மூன்றாவது துண்டு இருக்கும் டிஸ்க்கைக் கழற்றிவிட்டால் கிரப் ரெஸ்க்யூ என்ற வரியோடு நின்றுவிடும்.

யூஇஎஃப்ஐயில் பூட்லோடர் வெறும் கோப்பு. ஃபேட்32 பார்ட்டிஷன் ஒன்றில் அது இருக்கும், அந்தப் பார்ட்டிஷனின் அடையாள எண்ணும் கோப்பின் பாதையும் மதர்போர்டின் நினைவகத்தில் ஒரு பதிவாக இருக்கும். டிஸ்க்கில் ஒரு கோப்பு, போர்டில் ஒரு பதிவு, இந்த இரண்டும்தான். நகர்த்துவது எளிது. ஆனால் போர்டில் இருக்கும் அந்தப் பதிவு டிஸ்க்கோடு கூட வராது என்பதை மறந்துவிட்டு நானே பிறகு ஒரு மணி நேரம் வீணடித்தேன், அதைக் கீழே சொல்கிறேன்.

ஒன்றும் செய்யாமல் விட்டுவிடலாமா

விடலாம். கேட்பதற்குச் சோம்பேறித்தனமாக இருந்தாலும் சில கணினிகளுக்கு இதுதான் சரியான பதில். டிஸ்க் நன்றாக இருக்கிறது, வேகத்துக்காக மட்டும் எஸ்எஸ்டி சேர்த்தீர்கள் என்றால் பூட்லோடர் பழைய டிஸ்க்கில் இருப்பதால் நஷ்டம் எதுவும் இல்லை. கிரப் ஏற ஒன்றிரண்டு நொடிதான், அது சுழலும் டிஸ்க்கிலிருந்து வந்தால் என்ன.

இன்னொரு இடத்தில் இது சோம்பேறித்தனம்கூட இல்லை, கட்டாயம். 2014-க்கு முந்தைய மதர்போர்டுகள் பெரும்பாலானவற்றுக்கு என்விஎம்இயிலிருந்து பூட் ஆகத் தெரியாது. அடாப்டர் வைத்து பிசிஐஇ ஸ்லாட்டில் செருகினால் லினக்ஸின் மைய நிரலான கர்னலுக்கு அந்த டிஸ்க் தெரியும், ஃபர்ம்வேருக்குத் தெரியாது. அப்படிப்பட்ட போர்டில் /பூட் பார்ட்டிஷனையும் பூட்லோடரையும் ஒரு சின்ன சாட்டா (வழக்கமான கேபிள் வகை) டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ வைத்துவிட்டு ரூட்டை, அதாவது லினக்ஸ் அமைப்பு இருக்கும் பார்ட்டிஷனை, மட்டும் என்விஎம்இயில் வைப்பதைத் தவிர சுலபமான வழி கிடையாது. நான் சொன்ன அளவுகோல் அங்கே செல்லாது, தெரிந்தேதான் மீற வேண்டும். அந்தப் பென்டிரைவுக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

என் விஷயத்தில் டிஸ்க் செத்துக்கொண்டிருந்தது. எனவே இந்த வழி அன்றே போய்விட்டது.

டிஸ்க்கோடு டிஸ்க்காக நகல் எடுப்பது

யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். டிடி என்று ஒரு கட்டளை, அல்லது குளோன்சில்லா, பழைய டிஸ்க்கைப் புது டிஸ்க்குக்கு அப்படியே இறக்கிவிடு, கேபிளை மாற்று, வேலை முடிந்தது. பார்ட்டிஷன் அட்டவணை, பூட்லோடர், விண்டோஸ் எல்லாம் இருந்தபடியே வரும். ஒரே ஒரு டிஸ்க் உள்ள கணினிக்கு, அந்த டிஸ்க் ஆரோக்கியமாகவும் இருந்தால், நானும் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் உடம்பு சரியில்லாத டிஸ்க்குக்கு டிடி கூடவே கூடாது. படிக்க முடியாத செக்டர் வந்த உடனே அது நின்றுவிடும், நிற்காமல் போகச் சொன்னால் அதே இடத்தைத் திரும்பத் திரும்ப உரசி டிஸ்க்கை இன்னும் கெடுக்கும். அதற்கென்றே டிடிரெஸ்க்யூ இருக்கிறது. நல்ல இடங்களை முதலில் வேகமாக வாரி எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களை ஒரு கோப்பில் குறித்துவைத்துக்கொண்டு கடைசியில் வந்து அவற்றோடு மல்லுக்கட்டும். நடுவில் கரன்ட் போனாலும் அந்தக் குறிப்புக் கோப்பு இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

நகல் எடுத்தபிறகு வரும் சிக்கல்தான் பலர் எதிர்பார்க்காதது. நகலில் யூயூஐடி என்ற பார்ட்டிஷன் அடையாள எண்ணும் நகலாகிவிடும். இரண்டு டிஸ்க்கையும் மாட்டியபடியே பூட் செய்தால் ஒரே அடையாள எண்ணோடு இரண்டு ரூட், எதை மவுன்ட் செய்வது, அதாவது இணைத்துப் பயன்படுத்துவது, என்பது கர்னலின் அதிர்ஷ்டம். புது டிஸ்க்கில் வேலை செய்துகொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு வாரம் பழைய டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருப்பீர்கள். கோப்பு முறை எக்ஸ்ட்4 என்றால் குழப்பத்தோடு போகும், பிடிஆர்எஃப்எஸ் என்றால் தரவே கெடலாம், ஏனென்றால் அது டிஸ்க்குகளை அடையாளம் காண்பதே அந்த எண்ணை வைத்துத்தான். எனவே நகல் முடிந்ததும் கணினியை அணைத்து, ஒன்றைக் கழற்றிவிட்டுத்தான் மறுபடி ஆன் செய்ய வேண்டும். அப்புறம், புது டிஸ்க் பெரியது என்றால் ஜிபிடி என்ற புது வகைப் பார்ட்டிஷன் அட்டவணையின் மாற்றுப்பிரதி டிஸ்க்கின் கடைசியில் இருக்க வேண்டியது நடுவில் கிடக்கும், அதை எஸ்ஜிடிஸ்க் கொண்டு கடைசிக்குத் தள்ளிவிட வேண்டும்.

இன்னொரு விஷயம், எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பி டிடி அடிக்காதீர்கள். இன்றைக்கு எஸ்டிஏவாக இருப்பது நாளைக்கு எஸ்டிபி ஆகலாம், கர்னல் எதை முதலில் கண்டுபிடிக்கிறதோ அதற்கு முதல் எழுத்து, அவ்வளவுதான். எல்எஸ்பிஎல்கே கட்டளையில் மாடலையும் சீரியல் எண்ணையும் காட்டச் சொல்லி, டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் என்டர் தட்ட வேண்டும். எங்கிருந்து, எங்கே என்ற இரண்டையும் மாற்றி எழுதிவிட்டால் காலி டிஸ்க்கின் நகல் பழைய டிஸ்க்கின் மேல் ஏறிவிடும், அதற்கு மருந்து கிடையாது.

இதையெல்லாம் சமாளித்தாலும் என் கணினிக்கு இது பொருந்தவில்லை. பழைய டிஸ்க்கை என்விஎம்இக்கு நகல் எடுத்தால் லினக்ஸின் சாவி பக்கத்து வீட்டு ஆணியிலிருந்து அடுத்த வீட்டு ஆணிக்கு மாறும், அவ்வளவுதான். நாளை என்விஎம்இயைக் கழற்றினால் மறுபடி அதே கறுப்புத் திரை.

பூட்லோடரை மட்டும் நகர்த்துவது

கடைசியில் நான் செய்தது இதுதான். எஸ்எஸ்டியில் அதற்கென்று சொந்தமாக ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷன், அதில் கிரப். கேட்க நன்றாக இருக்கிறது, எஸ்எஸ்டியில் இடம் எங்கே? ரூட் பார்ட்டிஷனைச் சுருக்க வேண்டுமென்றால் லைவ் யூஎஸ்பியில், அதாவது பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸில், பூட் ஆகித்தான் செய்ய வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸ்ட்4-ஐச் சுருக்க முடியாது. என் அதிர்ஷ்டம், டிஸ்க்கின் கடைசியில் 4 ஜிபி ஸ்வாப் (ரேம் போதாதபோது உதவும் இடம்) பார்ட்டிஷன் ஒன்று சும்மா கிடந்தது. ஸ்வாப்பை நிறுத்திவிட்டு அந்தப் பார்ட்டிஷனை அழித்து, அங்கே 512 எம்பிக்கு ஃபேட்32 பார்ட்டிஷன் போட்டு அதற்கு இஎஃப்ஐ வகை கொடுத்தேன். ஸ்வாப்புக்கு ரூட்டுக்குள்ளேயே ஒரு 2 ஜிபி கோப்பு. இஎஃப்ஐ பார்ட்டிஷன் டிஸ்க்கின் முதலில்தான் இருக்க வேண்டும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது, அப்படி ஒன்றும் கட்டாயம் இல்லை, கடைசியில் இருந்தாலும் ஃபர்ம்வேர் கண்டுபிடித்துவிடும்.

அதன்பிறகு நடந்ததைச் சொல்ல ஒரு பத்தி போதும். /பூட்/இஎஃப்ஐயில் மவுன்ட் ஆகியிருந்த பழைய பார்ட்டிஷனை இறக்கிவிட்டுப் புதியதை ஏற்றினேன், எந்தப் பார்ட்டிஷன் எங்கே ஏற வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய யூயூஐடியை எடுத்துவிட்டுப் புதியதை எழுதினேன், பிறகு கிரப்-இன்ஸ்டால், அப்டேட்-கிரப் என்று இரண்டு கட்டளை. இரண்டாவது காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. கிரப்-இன்ஸ்டால் மதர்போர்டில் தன் பெயரில் இருந்த பழைய பதிவை நீக்கிவிட்டுப் புது பார்ட்டிஷனைக் காட்டும் பதிவைத் தானே எழுதிக்கொள்கிறது.

இதில் முக்கியம் வரிசை. பழைய டிஸ்க் இன்னும் மாட்டியிருக்கும்போதே, லினக்ஸ் தானாகப் பூட் ஆகிற நிலையிலேயே இதைச் செய்துவிட வேண்டும். கழற்றிவிட்டு, பூட் ஆகாமல் போனபிறகு செய்ய உட்கார்ந்தால் லைவ் யூஎஸ்பி, ரூட்டை மவுன்ட் செய்வது, டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் அதற்குள் கட்டுவது, சிஹெச்ரூட் கட்டளையால் அதற்குள் நுழைவது என்று அதே வேலை நாலு மடங்காகும். அதிலும் ஒரு பொறி உண்டு: அதே பென்டிரைவ் பூட் மெனுவில் இரண்டு தடவை தெரியும், யூஇஎஃப்ஐ என்று முன்னால் போட்டது ஒன்று, போடாதது ஒன்று. போடாததைத் தேர்ந்தெடுத்தால் லைவ் அமர்வு பயாஸ் முறையில் வரும், அங்கிருந்து மதர்போர்டில் யூஇஎஃப்ஐ பதிவு எழுதவே முடியாது.

பயாஸ் முறைக்காரர்களுக்கு இது இன்னும் சுலபம், கிரப்-இன்ஸ்டாலுக்கு எஸ்எஸ்டியின் பெயரைக் கொடுத்தால் போதும், பார்ட்டிஷன் எதுவும் புதிதாக வேண்டாம். டிஸ்க்கில் ஜிபிடி அட்டவணை இருந்தால் மட்டும் 1 எம்பிக்குத் தனிப் பார்ட்டிஷன் ஒன்று வேண்டும். ஆனால் டெபியன், உபுண்டு குடும்பத்தில் இருப்பவர்கள் கூடுதலாக ஒன்று செய்ய வேண்டும்: கிரப்-பிசி பேக்கேஜை டிபிகேஜி-ரீகான்ஃபிகர் செய்து, எந்த டிஸ்க்கில் கிரப் இருக்க வேண்டும் என்று அங்கே குறிப்பிட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் அடுத்த அப்டேட்டில் கிரப் தன் நினைவில் இருக்கும் பழைய டிஸ்க்கிலேயே எழுதப் பார்க்கும். 2020 ஜூலை இறுதியில் பூட்ஹோல் என்ற பாதுகாப்புக் குறைக்கான அப்டேட் வந்தபோது இதுதான் நடந்தது. நினைவில் ஒரு டிஸ்க், உண்மையில் பூட் ஆவது வேறொரு டிஸ்க், அதனால் அந்த டிஸ்க்கின் தலையில் பழைய கிரப், /பூட் அடைவில் புது கிரப்பின் மாட்யூல்கள், இரண்டும் ஒத்துப்போகாமல் கிரப்_காலக் என்ற குறியீடு கிடைக்கவில்லை என்ற பிழையோடு எத்தனையோ கணினிகள் கிரப் ரெஸ்க்யூவில் நின்றன. எப்போதோ டிஸ்க் மாற்றியதன் பலன், மாற்றியதே மறந்துபோன ஒரு நாளில் வந்தது.

கிரப்பையே மாற்றிவிட்டால்?

சிலர் இதையும் சொல்வார்கள், யோசிக்காமல் தள்ள முடியாது. ரீஃபைன்ட் எனக்குப் பிடித்த ஒன்று, அதன் அழகு என்னவென்றால் மெனுவை முன்கூட்டியே எழுதிவைப்பதில்லை, ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் எல்லா டிஸ்க்கையும் தேடி, எக்ஸ்ட்4, பிடிஆர்எஃப்எஸ்ஸுக்குள்ளும் எட்டிப்பார்த்து, எங்கெல்லாம் கர்னல் இருக்கிறதோ அதையெல்லாம் காட்டுகிறது. டிஸ்க்குகளை மாதத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றி மாட்டுகிறவருக்கு இதைவிட வசதியான ஒன்று இல்லை. ஆனால் செக்யூர் பூட் (கையொப்பமுள்ள பூட்லோடரை மட்டும் ஓட விடும் ஏற்பாடு) போட்டிருந்தால் சாவிகளைப் பதிவு செய்யும் வேலை தனி, அப்புறம் ரீஃபைன்டும் ஏதோ ஒரு டிஸ்க்கில்தானே இருக்க வேண்டும், அந்த டிஸ்க்கைக் கழற்றினால் என்ன என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஒரு பென்டிரைவில் போட்டு மேஜை இழுப்பறையில் வைத்துக்கொள்வது நல்ல யோசனை. என்னுடையது அங்கேதான் இருக்கிறது.

சிஸ்டம்டி-பூட் எளிமையானது, பாப் ஓஎஸ் அதைத்தான் பயன்படுத்துகிறது, முன்பு கம்மிபூட் என்ற பெயரில் இருந்து 2015-ல் சிஸ்டம்டிக்குள் சேர்ந்தது. ஆனால் கர்னலும், பூட் தொடங்கும்போது அதோடு ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பும் இஎஃப்ஐ பார்ட்டிஷனிலேயே, இல்லையென்றால் அதே டிஸ்க்கில் தனிப் பூட் பார்ட்டிஷனில் இருக்க வேண்டும். விண்டோஸ் போட்ட 100 எம்பி பார்ட்டிஷனில் இரண்டு கர்னல் வைக்கக்கூட இடம் இருக்காது. புதிதாக டிஸ்க் பிரிக்கும்போது 1 ஜிபி ஒதுக்கிவிட்டுப் போடலாம், ஓடுகிற அமைப்பில் நடுவில் மாற்ற நான் பரிந்துரைக்க மாட்டேன். லிலோ என்ற பழைய பூட்லோடரை நினைவு வைத்திருக்கும் ஆட்கள் இன்னும் இருப்பார்கள். கர்னல் டிஸ்க்கில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையே எண்களாக எழுதி வைத்துக்கொள்ளும் அது. கர்னலை மாற்றிவிட்டு லிலோவை ஓட்ட மறந்தால் முடிந்தது கதை. அதோடு ஒப்பிட்டால் இன்றைக்கு எல்லாமே சொகுசுதான்.

எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடுவது என்ற வழியும் இருக்கிறது. அமைப்பு ரொம்பப் பழையதாகிவிட்டது, எப்படியும் அடுத்த பதிப்புக்குப் போக வேண்டும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், ஹோம் அடைவை ஆர்சிங்க் என்ற நகல் கட்டளையில் எடுத்துக்கொண்டால் ஒரு மாலை வேலை. எனக்கு அவசியம் இல்லை.

மெனு எங்கே வர வேண்டும்?

வீட்டில் ஒருவருக்கு விளையாட விண்டோஸ் வேண்டும். பழைய டிஸ்க்கிலிருந்ததைக் கொண்டுவர எனக்குப் பொறுமை இல்லை, என்விஎம்இயில் புதிதாகப் போட்டுவிடலாம் என்று முடிவு. லினக்ஸை ஏன் வேகமான என்விஎம்இக்கு மாற்றவில்லை என்று கேட்கலாம். சாட்டா எஸ்எஸ்டியிலேயே அது போதுமான வேகத்தில் ஓடுகிறது, பெரிய கோப்புகளை நகர்த்தினால்தான் வித்தியாசம் தெரியும், அந்தக் கோப்புகளை என்விஎம்இயின் மிச்ச இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு இயங்குதளம் என்றால் வழக்கமாகக் கிரப் மெனுவில் இரண்டையும் காட்டுவோம். கிரப் 2.06-லிருந்து மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் இயல்பாக அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது, அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் திரும்ப வரும். இன்னொரு வழி, கிரப்புக்கு விண்டோஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஒவ்வொரு டிஸ்க்குக்கும் சொந்த இஎஃப்ஐ பார்ட்டிஷன், விண்டோஸ் வேண்டும்போது மதர்போர்டின் பூட் மெனு. ஆசுஸில் எஃப்8, ஜிகாபைட்டில் எஃப்12, எம்எஸ்ஐயில் எஃப்11, இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு சாவி.

வசதி என்று பார்த்தால் கிரப் மெனுதான், நிதானமாக 5 நொடி காத்திருக்கும். எஃப்12 அடிக்கிறவர் சரியான நொடியில் தட்ட வேண்டும், தவறினால் மறுபடி ரீஸ்டார்ட். இருந்தும் நான் இரண்டாவதைத்தான் எடுத்தேன். விண்டோஸ் அப்டேட் தன் பார்ட்டிஷனில் என்ன செய்தாலும் லினக்ஸின் கோப்பைத் தொடாது, விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் போட்டிருந்தால் கிரப் வழியாகப் போகும்போது மீட்புச் சாவி கேட்கலாம், நேராகப் போனால் அந்தத் தொல்லை இல்லை. அதைவிட முக்கியம், எந்த டிஸ்க்கைக் கழற்றினாலும் மற்றது வரும். தினமும் நாலு தடவை மாறி மாறிப் போகிறவராக இருந்தால் கிரப் மெனுவையே வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஒன்றும் குற்றம் இல்லை. லினக்ஸ் டிஸ்க்கைக் கழற்றினாலும் விண்டோஸ் தன் பார்ட்டிஷனிலிருந்து வரும்தான்.

செய்தபோது நடந்தது

போட்டோக்களை முதல் வேலையாக வெளி டிஸ்க் ஒன்றுக்கு எடுத்துவிட்டேன், பூட்லோடரைப் பற்றி யோசிப்பதற்கே முன்னால். கிரப்பை எஸ்எஸ்டிக்கு நகர்த்திவிட்டு, பழைய டிஸ்க்கின் கேபிளை உருவிவிட்டு ஆன் செய்தேன். வந்தது, ஆனால் ஒரு அரை நிமிடம் எங்கோ நின்றுவிட்டு வந்தது. அழித்த ஸ்வாப் பார்ட்டிஷனை இனிட்ராம்எஃப்எஸ் இன்னும் தேடிக்கொண்டிருந்தது, ஹைபர்னேட் செய்த நினைவகம் அதில் இருக்குமோ என்று. ரெஸ்யூம் என்ற சின்னக் கோப்பு ஒன்றில் அந்தப் பழைய யூயூஐடி இருந்தது, அதை மாற்றி இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்ததும் தாமதம் போனது. எஃப்எஸ்டேப்பில் பழைய டிஸ்க்கின் போட்டோ பார்ட்டிஷன் வரியை முன்பே எடுத்துவிட்டிருந்தேன். அதை மறந்திருந்தால் 90 நொடி காத்துவிட்டு அவசர நிலைத் திரையில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கும். கழற்றி மாட்ட வாய்ப்புள்ள எந்த டிஸ்க்குக்கும் அந்த வரியில் நோஃபெயில் (டிஸ்க் இல்லாவிட்டாலும் நிற்காமல் போ) என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள்.

பிறகு அணைத்துவிட்டு என்விஎம்இயை எம்.2 ஸ்லாட்டில் வைத்து ஸ்க்ரூ போட்டு ஆன் செய்தேன். எஸ்எஸ்டியைக் காணோம். ஃபர்ம்வேர் பட்டியலிலேயே இல்லை. கேபிளைப் பிடுங்கி மாட்டி, இன்னொரு கேபிள் போட்டு, எஸ்எஸ்டி செத்துவிட்டதோ என்று வயிறு கலங்கி, கடைசியில் மதர்போர்டின் கையேட்டைத் திறந்தால் அங்கே ஒரு அடிக்குறிப்பு: இந்த எம்.2 ஸ்லாட்டில் டிஸ்க் இருந்தால் இந்தந்த சாட்டா போர்ட் வேலை செய்யாது. இரண்டும் ஒரே தடத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. நிறைய போர்டுகளில் இப்படித்தான், டிஸ்க் வாங்குவதற்கு முன்பே அந்தப் பக்கத்தைப் படித்திருக்க வேண்டும்.

எஸ்எஸ்டியை வேறு போர்ட்டுக்கு மாற்றினேன், பட்டியலில் வந்தது. ஆனால் கிரப்பின் பெயர் பூட் மெனுவில் இல்லை. டிஸ்க் ஒரு தடவை காணாமல் போனதும் ஃபர்ம்வேர் அந்தப் பதிவைத் துடைத்துவிட்டது, டிஸ்க் திரும்பி வந்தாலும் பதிவு வராது. இதைத்தான் மேலே சொன்னேன், ஒரு மணி நேரம். என்னைக் காப்பாற்றியது கிரப் போடும்போதே நான் எடுத்துவைத்த இரண்டாவது பிரதி: இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்குள் பூட் என்ற அடைவில் பூட்எக்ஸ்64 என்ற பெயரில் ஒரு கோப்பு இருந்தால், பதிவு எதுவும் இல்லாவிட்டாலும் ஃபர்ம்வேர் அந்த டிஸ்க்கிலிருந்து அதை எடுத்து ஓட்டும். கிரப்-இன்ஸ்டாலில் அதற்கென்றே ரிமூவபிள் என்று ஒரு தெரிவு இருக்கிறது, சில டிஸ்ட்ரோக்கள் கேட்காமலே போட்டுவிடும். பூட் மெனுவில் எஸ்எஸ்டியின் மாடல் பெயரையே தேர்ந்தெடுத்தேன், லினக்ஸ் வந்தது, கிரப்-இன்ஸ்டாலை இன்னொரு முறை ஓட்டிப் பதிவைத் திரும்ப எழுதினேன். நான் தேடிக்கொண்டிருந்த ஒரு மணி நேரமும் அந்த மாடல் பெயர் கண்ணெதிரேதான் இருந்தது, அது வெறும் டிஸ்க்கின் பெயர் என்று நினைத்துத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

விண்டோஸ் போடும்போது எஸ்எஸ்டியின் கேபிளைக் கழற்றிவைத்துவிட்டேன். இல்லையென்றால் அதுவும் நான்கு வருடம் முன்பு லினக்ஸ் செய்ததையே செய்யும், இருக்கிற இஎஃப்ஐ பார்ட்டிஷனில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பழைய டிஸ்க்கைத் துடைக்கவில்லை, அலமாரியில் இருக்கிறது. மாஸ்கிங் டேப்பில் எதில் என்ன இருக்கிறது, எந்த போர்ட், எந்த முறையில் பூட் ஆகிறது என்று எழுதி எஸ்எஸ்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறேன். என்விஎம்இக்கு மேலே ஹீட்சிங்க் இருப்பதால் அதன் துண்டு கேபினட் கதவின் உள்பக்கம், கூடவே செத்த சாட்டா போர்ட்டின் எண்ணும்.